கேஷும் காசும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் 'கேஷ்' என்பது ஒன்று. கடைத்தெருவிலும் வங்கியிலும் கணக்கேட்டிலும் அது வழங்காத இடமில்லை. கையிலுள்ள பணம், உடனே எண்ணிக் கொடுக்கும் பணம், கடனுக்கு மறுதலையாகிய ரொக்கம் என்பன அதன் பொருள்கள். தமிழ்நாட்டில் எழுத்தறியாதாரும் அறிந்த சொல் அது. ஒலியாலும் பொருளாலும் நம் 'காசு' என்னும் சொல்லோடு அது நெருங்கி நிற்றலின், தமிழ்க் காசே ஆங்கிலக் கேஷ் ஆயிற்று என்னும் கருத்து மேடைகளிலும் நூல்களிலும் பலகாலும் சொல்லப்பட்டு வருகிறது. கேட்பவர்க்கு மகிழ்ச்சி தரும் கருத்தாதலின், அதனை ஆராயாது ஏற்றுக்கொள்வதும் எளிதாயிற்று.

அக்கருத்து முற்றும் பொய்யன்று. முற்றும் மெய்யும் அன்று. ஆங்கிலத்தில் 'கேஷ்' என ஒரே வடிவில் எழுதப்படும் பெயர்ச்சொற்கள் இரண்டு உள. ஒன்று இலத்தீன் மொழியில் வேர்கொண்டது. மற்றொன்று தமிழ்க் காசின் வழிவந்தது. இவ்விரண்டினையும் பிரித்தறியாமையே வழக்கிலுள்ள மயக்கத்திற்குக் காரணம். எனவே, இவ்விரு சொற்களின் வரலாற்றையும் தனித்தனியே கண்டு, அவை எங்ஙனம் ஒருவடிவாயின என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெட்டியிற் பிறந்த சொல்

இலத்தீனில் 'காப்சா' என்னும் சொல் பெட்டியைக் குறிக்கும். உரோமர் தம் நூற்சுருள்களை இட்டு வைத்த உருளை வடிவப் பேழைக்கும் அப்பெயர் வழங்கியது. அச்சொல் இத்தாலியத்தில் 'காஸ்ஸா' எனவும், பிரெஞ்சில் 'கெஸ்' எனவும், போர்ச்சுகீசியத்தில் 'கைஷா' எனவும் திரிந்தது. ஆங்கிலத்தில் உறை, பெட்டி என்னும் பொருள்களில் வழங்கும் 'கேஸ்' என்பதும் சிறு கூட்டினைக் குறிக்கும் 'காப்சூல்' என்பதும் இக்குடும்பத்தனவே. பணப்பெட்டியைக் குறிக்கும் 'கேஷ்' இவற்றின் உடன்பிறப்பு.

பெட்டியின் பெயர் பணத்திற்கு ஆனது எங்ஙனம்? இதற்கு விடை இத்தாலிய வணிகரின் கணக்கேட்டில் உள்ளது. லூக்கா பாச்சோலி 1494-இல் வெனிசு நகரில் வெளியிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை விளக்குகிறார். அம்முறையில் வணிகன் தன்னிடமுள்ள நாணயங்களைக் 'காஸ்ஸா' என்னும் பெயரில் ஒரு கணக்காகத் தொடங்குவான். பணம் வந்தால் பெட்டி பற்றாளி. பணம் போனால் பெட்டி வரவாளி. பெட்டியையே ஓர் ஆளாக வைத்து அதன்மேல் கணக்கு எழுதுங்கால், பெட்டியின் பெயர் உள்ளிருக்கும் பொருளுக்கு ஆதல் இயல்பே. இஃது இடவாகுபெயரின் பாற்படும்.

இம்மாற்றம் தமிழுக்குப் புதியதன்று. கடைக்காரர் பணமிடும் பெட்டிக்குக் 'கல்லா' என்று பெயர். "இன்று கல்லா எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டால் பெட்டியின் நீள அகலத்தைக் கேட்டார் என்று எவரும் கொள்ளார், அன்றைய விற்பனைப் பணத்தையே கேட்டார் என அறிவர். கல்லா நம் கடைத்தெருவில் அடைந்த பொருளையே காஸ்ஸா இத்தாலியக் கடைத்தெருவில் அடைந்தது.

16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் ஆங்கில எழுத்தில் இடம்பெறத் தொடங்கிற்று. ஜான் ஃபுளோரியோ 1598-இல் வெளியிட்ட இத்தாலிய-ஆங்கில அகராதியில் 'காஸ்ஸா' என்பதற்குப் பெட்டி முதலிய பொருள்களைத் தந்து, வணிகனுடைய 'கேஷ்' என்றும் பொருள் கூறுகிறார். அக்காலத்து ஆங்கிலத்தில் கேஷ் என்பது பெட்டியையும் குறித்தது, அதனுள் இருந்த பணத்தையும் குறித்தது. 18-ஆம் நூற்றாண்டளவில் பெட்டி என்னும் பொருள் வழக்கொழிந்து பணம் என்பதே நிலைத்தது. பின்னர் ஆங்கிலேயர் பணப்பெட்டியைக் குறிக்க வேண்டியபோது 'கேஷ்-பாக்ஸ்' எனப் புதிதாக ஒரு தொடர் அமைத்தனர். வரலாறு அறிந்தவர்க்கு அது 'பெட்டிப்பெட்டி' என்பதே. நம்மவர் 'கேட்டுக் கதவு' என வழங்குவதும் இத்தகையதே. முதற்சொல்லின் பழம்பொருள் புலப்படாத இடத்தே அதே பொருளுடைய பிறிதொரு சொல் வந்து சேர்கிறது.

இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் 'ஸ்' என முடியும் சொல் ஆங்கிலத்தில் 'ஷ்' என முடிவானேன் என்னும் ஐயம் ஈண்டு எழலாம். பிரெஞ்சு 'ப்ராஸ்' ஆங்கிலத்தில் 'பிரஷ்' ஆயிற்று. பிரெஞ்சு மொழியில் ஸகரம் பெற்று வழங்கும் மெத்தையணைப் பெயர் ஆங்கிலத்தில் 'குஷன்' ஆயிற்று. ஆதலின் 'கெஸ்' என்பது 'கேஷ்' ஆனதும் ஆங்கிலேயர் நாவுக்கு இயல்பான திரிபே. அதற்குப் புறத்திருந்து ஒரு காரணம் தேட வேண்டுவதில்லை.

2. தமிழ்க் காசின் தொன்மை

இனித் தமிழ்ச் சொல்லை நோக்குவோம். சங்க நூல்களில் காசு என்பது பொன்னணியில் கோக்கப்படும் மணியையோ வில்லையையோ குறிக்கிறது. குறுந்தொகை 67-ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார், கிளி தன் வளைந்த அலகில் கவ்விய வேப்பம்பழத்திற்குப் பொற்காசு ஒன்றினை உவமை கூறுகிறார். பொற்கொல்லன் புதிய நூலில் கோப்பதற்காக நகநுனியில் பற்றிய காசு அது. அந்நூலின் 148-ஆம் பாட்டில் கொன்றையின் அரும்புக்குச் சிறுவர் காலணியாகிய கிண்கிணியின் காசு உவமையாகிறது. வெண்பாவின் இறுதிச் சீருக்கு வாய்பாடாக வரும் நாள், மலர், காசு, பிறப்பு என்பனவற்றுள் காசும் பிறப்பும் அணிகலப் பெயர்களாதலும் கருதத்தக்கது.

அணியாயிருந்த காசு நாணயமாதல் சோழர் கல்வெட்டுக்களில் தெளிவாகக் காணப்படுகிறது. ஈழக்காசு, பழங்காசு, அன்றாடு நற்காசு என அடைமொழி பெற்று அது வழங்கிற்று. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்கள், அறக்கட்டளைக்கு வைத்த காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை கொள்ளப்பட்டதைக் கூறுகின்றன. அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. பொன் நாணயத்தின் பெயராக விளங்கிய சொல், பிற்காலத்தில் மிகச் சிறிய செப்பு நாணயத்திற்கு உரியதாகி மதிப்பில் தாழ்ந்தது. அங்ஙனம் தாழ்ந்த நிலையிலேதான் மேனாட்டார் அதனைக் கண்டனர்.

மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு ஆகிய மொழிகளிலும் இச்சொல் உண்டு. வடமொழியில் ஒரு நிறையளவைக் குறிக்கும் 'கர்ஷ' என்பதனோடு இதனை இயைப்பாரும் உளர். எங்ஙனமாயினும், ஐரோப்பியர் இச்சொல்லைத் தென்னாட்டிலேயே கேட்டனர் என்பதில் ஐயமில்லை.

தமிழிலும் ஒருவடிவச் சொற்கள் உண்டென்பதை ஈண்டே குறித்தல் தகும். குற்றம் என்னும் பொருளிலும் 'காசு' வழங்கும். சிலப்பதிகாரத்தில் வரும் 'காசறு' என்னும் சொல்லுக்குக் குற்றமற்ற என்பதே பொருள். நாணயம் இல்லாத என்று பொருள் கொள்வார் எவரும் இலர். நம் மொழியில் இத்துணை விழிப்போடு பொருள் காணும் நாம், பிறமொழிச் சொல்லில் மட்டும் அவ்விழிப்பை இழத்தல் முறையன்று.

3. காசின் கடற்செலவு

இத்தாலியப் பயணி லுடோவிக்கோ டி வர்த்தேமாவின் நூல் 1510-இல் வெளிவந்தது. விசயநகர நாட்டு நாணயங்களைக் கூறுமிடத்து, 'தாரா' என்னும் வெள்ளி நாணயம் ஒன்றுக்குப் பதினாறு 'காஸ்' என அவர் எழுதுகிறார். கோழிக்கோட்டைக் கூறுமிடத்து அங்கே குரங்கு ஒன்று நான்கு 'காஸ்ஸே' பெறும் என்றொரு விலையும் தருகிறார். குரங்கின் விலை நமக்கு வேண்டுவதன்று. சொல்லின் வடிவே வேண்டுவது. வர்த்தேமா கேட்டது ஸகர ஒலியுடைய சொல். ஷகர ஒலி அதில் இல்லை.

போர்ச்சுகீசியர் இச்சொல்லை எழுதியபோது நிலைமை மாறிற்று. அவர்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'கைஷா' முன்னரே இருந்தது. நாணயத்தைக் குறிக்கும் அயற்சொல் காதில் விழுந்ததும், அதனைத் தமக்குப் பழகிய அச்சொல்லின் உருவிலேயே எழுதினர். அறியாத சொல்லை அறிந்த சொல்லின் சாயலில் அமைத்துக்கொள்வது மக்கள் வழக்கின் இயல்பு. ஆகவே, இலத்தீன் காப்சாவின் வழிவந்த சொல்லும் தமிழ்க் காசும் முதன்முதல் ஒருவடிவானது ஆங்கிலேயர் நாவில் அன்று. போர்ச்சுகீசியர் எழுத்தில் ஆகும்.

போர்ச்சுகீசியர் 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றினர். அந்நகரில் தமிழ் வணிகர் அதற்கு முன்னரே குடியேறி இருந்தனர். கீழ்கடல் நாடுகளில் வழங்கிய சிறு செப்பு நாணயங்களுக்கெல்லாம் 'கைஷா' என்பது பொதுப்பெயராயிற்று. டச்சுக்காரராகிய லின்ஸ்கோட்டன் எழுதிய பயணநூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1598-இல் இலண்டனில் வெளிவந்தது. அதில் சுந்தா நாட்டில் 'கைஷா' என்னும் செப்பு நாணயமே வழங்குகிறது என்றும், அதன் நடுவே துளையிருப்பதால் இருநூறு, ஆயிரம் எனக் கயிற்றில் கோத்து வைப்பர் என்றும் சொல்லப்பட்டுள்ளது. துளையுடைய அந்நாணயம் சீனர்க்கு உரிய வகையாகும்.

ஃபுளோரியோவின் அகராதியும் லின்ஸ்கோட்டனின் மொழிபெயர்ப்பும் 1598 ஆகிய ஓராண்டிலேயே வெளிவந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது. ஒன்றில் இத்தாலியப் பெட்டி ஆங்கிலப் பணமாகிறது. மற்றொன்றில் தமிழ்க் காசு போர்ச்சுகீசிய உருவோடு ஆங்கில ஏட்டில் இறங்குகிறது. ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது 1600-இல். சென்னையில் அவர்கள் இடம்பெற்றது 1639-இல். ஆங்கிலேயர் தமிழரோடு கலந்து வாழ்வதற்கு முன்னரே பணப்பெட்டியாகிய கேஷ் அவர்கள் மொழியில் இருந்தது. காலமுறை ஒன்றே, பொதுவழக்கிலுள்ள கேஷ் தமிழினின்று பிறந்ததன்று என்பதை உணர்த்தப் போதியது. செருமானியரும் டச்சுக்காரரும் தம் பணக்களத்தை முறையே 'காஸ்ஸெ', 'காஸ்' என வழங்குவதும் இதற்கு அரண் செய்யும். இவை யாவும் இத்தாலிய வணிகத்தின் பேறுகள்.

4. ஒரு நாணயத்தின் சான்று

சென்னையில் கம்பெனியார் வைத்த கணக்கில் காசு மிகச் சிறிய அலகாயிற்று. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆகவே வராகன் ஒன்றுக்கு 3,360 காசு. இவற்றுள் பணம் ஆங்கிலத்தில் 'ஃபனம்' எனவும் காசு 'கேஷ்' எனவும் எழுதப்பட்டன. 1818-இல் வெள்ளி ரூபாய் நிலையான நாணயமாகும்வரை இக்கணக்கே நடந்தது.

இந்நாணயங்களுள் 1803, 1808 ஆகிய ஆண்டுகள் பொறித்தவை இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரை அடுத்த சோகோ அக்கசாலையில் அடிக்கப்பட்டவை. 1808-ஆம் ஆண்டுச் செப்புக் காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டனர்' என்னும் கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்தின் கரையருகே குட்வின் மணற்றிட்டில் சிக்கி அழிந்தது. கடலடியில் கிடந்த காசுகள் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிக்கொணரப்பட்டன. சென்னைக் கடைத்தெருவுக்கென அடித்த காசு, தமிழ் மண்ணைக் காணாமலே நாணய ஆராய்ச்சியாளர் கைக்கு வந்தது.

இருபது காசு மதிப்புள்ள அந்நாணயத்தின் ஒரு பக்கத்தில் பாரசீக எழுத்தில் 'இருபது காஸ் நான்கு ஃபலூஸ்' என்னும் பொருள்படும் தொடர் உள்ளது. அதன் கீழே உரோம எழுத்தில் இருபது 'கேஷ்' என்று உள்ளது. ஒரே நாணயத்தின் ஒரே முகத்தில் ஒரே சொல் இரு வடிவாக நிற்பதை நோக்குக. பாரசீக எழுத்து நாட்டு மக்கள் கூறிய ஸகரத்தைக் காக்கிறது; உரோம எழுத்தோ போர்ச்சுகீசியர் வழிவந்து, ஆங்கிலேயரின் சொந்தக் கேஷோடு கலந்துவிட்ட ஷகரத்தைக் காட்டுகிறது. வர்த்தேமா கேட்ட ஒலி முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மாறவில்லை. மாறியது ஐரோப்பியர் எழுத்தே. இரு சொற்களும் ஒருவடிவானமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இக்காசு தென்னாட்டில் நெடுங்காலம் நிலைத்தது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரமாகவும் 28 சக்கரம் ஒரு ரூபாயாகவும் கணக்கிடப்பட்டன. அந்நாட்டுச் செப்பு நாணயங்களில் 'கேஷ்' என்றே ஆங்கிலத்தில் பொறித்தனர். புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்களின் அம்மன் காசு, ஒருபுறம் பிரகதாம்பாள் உருவும் மறுபுறம் தெலுங்கெழுத்தில் 'விஜய' என்னும் சொல்லும் தாங்கி வழங்கிற்று. அந்நாடு 1948-இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது.

எனினும் காசு என்னும் சொல் தன் நாட்டெல்லைக்கு வெளியே பெற்ற வாழ்வே வியப்புக்குரியது. சதுரத் துளையுடைய செப்பு நாணயத்தைச் சீனர் 'சியன்' எனவும் 'வென்' எனவும் அழைத்தனர். ஆங்கிலேயரோ அதனைக் 'கேஷ்' என்றே எழுதினர். சீனப் பேரரசு 1912-இல் மறைந்த பின்னரும், உலகெங்கும் உள்ள அருங்காட்சியகங்களும் நாணய நூல்களும் அந்நாணயத்தை அப்பெயராலேயே குறிக்கின்றன. வியட்நாம் நாட்டுத் துளை நாணயங்களுக்கும் அதுவே பெயர். இக்கேஷ் பெட்டியிற் பிறந்தது அன்று. தமிழ்க் காசே அது.

5. எதிர்ச்சொல்லால் பொருள் பெறுதல்

பொதுவழக்கிலுள்ள கேஷ் பின்னர் அடைந்த பொருள்வேறுபாடுகளையும் சுருங்கக் காண்போம். அச்சொல்லின் பொருள் எக்காலத்தும் தன்னளவில் நின்றதன்று. எதற்கு மறுதலையாய் நின்றதோ அதனால் வரையறுக்கப்பட்டது.

பிரான்சோடு போர் நடந்த 1797-இல் இங்கிலாந்து வங்கி தன் தாளுக்குப் பொன் கொடுப்பதை நிறுத்திற்று. இது 'கேஷ் கொடுப்பதன் நிறுத்தம்' எனப்பட்டது. 1819-இல் கேஷ் கொடுப்பதை மீளத் தொடங்கச் சட்டம் இயற்றப்பட்டு, 1821-இல் அது முற்றும் நடைமுறைக்கு வந்தது. இவ்வழக்கில் கேஷ் என்பது பொன் நாணயம். வங்கித்தாள் கேஷ் அன்று. 1833-இல் ஐந்து பவுனுக்கு மேற்பட்ட தொகைகளுக்கு அவ்வங்கியின் தாள் சட்டமுறைப் பணமாயிற்று. காசோலை பெருகிய காலத்தில் தாளும் கேஷ் ஆயிற்று. காசோலையே அதற்கு மறுதலை. இன்று அட்டையாலும் கைப்பேசியாலும் பணம் செலுத்துவோர் கையால் எண்ணிக் கொடுக்கும் அனைத்தையும் கேஷ் என்கின்றனர். ஒருகாலத்தில் கேஷ் அன்று என ஒதுக்கப்பட்ட தாளே இன்று கேஷுக்கு இலக்கணமாய் நிற்கிறது.

தாமஸ் கார்லைல் 1839-இல் எழுதிய நூலில், மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு கேஷ் கொடுப்பது ஒன்றேயாகச் சுருங்கிவிட்டது என வருந்தினார். கணக்கேட்டுச் சொல் அறநூற் சொல்லாயிற்று. உண்பதற்கன்றி விற்பதற்கே விளைப்பதைப் பணப்பயிர் என நாம் கூறுவதும் 19-ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஆங்கிலத் தொடரின் மொழிபெயர்ப்பே.

இன்னும் ஒரு மயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். பணம் காப்பவனைக் குறிக்கும் 'கேஷியர்' என்னும் பெயர் பெட்டிக் கேஷின் வழித்தோன்றல். ஆயின் படைத்தலைவனை இழிவுபடுத்திப் பதவி நீக்குதலைக் குறிக்கும் 'கேஷியர்' என்னும் வினை வேறு. அது வெறுமை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிரெஞ்சு, டச்சு வழியாக வந்தது. பணத்தைக் கையாடியவனை நீக்குதலால் அப்பெயர் வந்தது எனக் கதை கட்டுதல் எளிது. அக்கதைக்கு அடிப்படை இல்லை. ஒலியொப்புமை ஆங்கிலேயரையும் ஏமாற்ற வல்லது.

6. முடிவுரை

ஒரு மொழிச் சொல் பிறிதொரு மொழியில் புகுந்தது என நிறுவுவதற்கு மூன்று சான்றுகள் வேண்டும். காலம் பொருந்த வேண்டும். வந்த வழி தெரிய வேண்டும். பொருள் இடையறாது தொடர வேண்டும். கட்டுமரமும் சுருட்டும் இம்மூன்று சான்றுகளோடும் ஆங்கிலத்தில் புகுந்தவை. நாணயப் பெயராகிய கேஷும் அத்தகையதே. பணம் என்னும் பொதுப்பொருளுடைய கேஷோ மூன்றிலும் இத்தாலியப் பெட்டியையே சுட்டுகிறது.

நமக்கு உரியதல்லாததை நமதென்பதால் வரும் இழப்பு ஒன்று உண்டு. அஃது எளிதில் மறுக்கப்படும். மறுக்கப்பட்டபோது நமக்கு உரியதும் அதனோடு தள்ளப்படும். கேஷ் முழுவதும் தமிழ் என்றோரை மறுப்பவர், அதில் தமிழே இல்லை என்று முடித்துவிடுதல் கூடும். நன்முல்லையார் கண்ட பொற்காசு, இராசராசன் கோயிலில் வட்டிக்கு வைத்த காசாகி, சென்னைக் கடைத்தெருவின் செப்புக் காசாகி, சீனத்து நாணயத்திற்கு ஆங்கிலத்தில் பெயராய் நின்ற வரலாறு அங்ஙனம் மறைந்து போகும். அவ்வரலாறு உண்மையானது, சான்றுகளால் நிறுவத்தக்கது. அதனைக் காத்தற்பொருட்டேனும், இரு கேஷுகளையும் வேறுபிரித்துக் கூறுதல் தமிழாராய்ச்சியாளர் கடனாகும்.